கைக்குழந்தையோடு கல்லணைக்கு

தோழர்களே, மேடையிலே பேசுவது எளிது. ஒலிபெருக்கி இருக்கிறது, கைதட்ட நண்பர்கள் இருக்கிறார்கள், குறுக்கே எழுந்து மறுத்துரைப்பார் எவருமில்லை. ஆனால் கூட்டம் முடிந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறோமே, அங்கேதான் தொடங்குகிறது மெய்யான வாதம். அங்கே எதிர்த்தரப்பில் நிற்பவர் ஏமாற்றிப் பிழைக்கும் எத்தரல்லர். பட்டம் பதவி நாடுபவரல்லர். நம்மைப் பெற்று, பாலூட்டி, படிக்க வைத்த தாய்! அவரை வெல்லக் கைதட்டல் பயன்படாது. வெல்வது என்ற சொல்லே அங்கே பொருந்தாது.

"நாட்டு நடப்பையும் மொழி வளத்தையும் பேசும் ஏட்டிலே கைக்குழந்தையைப் பற்றி எழுதுவானேன்?" என்று கேட்கும் நண்பர் இருக்கக்கூடும். நாட்டு மக்கள் அனைவரும் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள்தாமே, நண்பரே! அச்சம் அவர்கள் உள்ளத்தில் புகுவது கல்லூரியிலல்ல, தொட்டிலில். ஆகவே தொட்டிலைப் பற்றியும், அந்தத் தொட்டிலை விட்டுக் குழந்தையை வெளியே தூக்கிச் செல்வது பற்றியும் சிறிது எழுதுகிறோம்.

திருச்சிக்கு அண்மையில் ஒரு சிற்றூரில் வாழ்கிறோம். நமக்கு ஆசிரியப் பணி. துணைவி அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். தைத் திங்களில் மகள் பிறந்தாள். துணைவிக்குத் தாயில்லை. ஆகவே, பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் பேணும் பொறுப்பை நம் அன்னையார் ஏற்றார். அவர் ஏற்ற விதத்தைச் சொல்லாமற் போவது நன்றியாகாது. பால் சுரக்கப் பூண்டும் பால்சுறாவும் ஆக்கிப் போட்டார். நீட்டிய கால்களின்மீது குழந்தையைக் கிடத்தி, இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டினார். நள்ளிரவு கடந்து மூன்று மணிக்குக் குழந்தை சிணுங்கினால், நமக்கு முன்னே விழித்தவர் அவரே.

அந்த அன்புக் கரங்களே வாயிற்படியில் ஒரு வேலியையும் போட்டன. முப்பது நாள் தாய் வாசல் தாண்டக் கூடாது. விளக்கு வைத்தபின் குழந்தைத் துணி கொடியில் கிடக்கக் கூடாது. காலித் தொட்டிலை ஆட்டக் கூடாது. அந்திப் பொழுதில் குழந்தையை வெளியே தூக்கக் கூடாது. புளியமரத்தடிக்கு எந்தப் பொழுதிலும் கூடாது. வெளியிலிருந்து வருவோர் கை கால் கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது.

கடைசியாகச் சொன்னதை இரு கையேந்தி வரவேற்றோம். வாயிற்புறத்தில் வாளியும் சவுக்காரமும் வைத்தோம். பழையன என்பதாலேயே எதையும் தள்ளுவதில்லை. பழையன என்பதாலேயே எதையும் கொள்வதுமில்லை. காரணம் கேட்போம், காரணம் இருந்தால் கைக்கொள்வோம். கை கழுவுவதற்குக் காரணமிருக்கிறது. காலித் தொட்டிலுக்கு என்ன காரணம்? "அப்படித்தான் சொல்வாங்க, தம்பி" என்பதற்கு மேல் விடை வரவில்லை.

முதல் வாதம் தடுப்பூசி நாளன்று வந்தது.

பிறந்தவுடன் மருத்துவமனையிலேயே காசநோய்க்கும் மஞ்சள்காமாலைக்கும் தடுப்பூசி போட்டு, போலியோ சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பியிருந்தனர். அடுத்த தவணை ஆறாவது கிழமையில். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணசன்னி முதலான ஐந்து நோய்களுக்கு எதிராக ஒரே ஊசி. நம் பகுதி நலவாழ்வு நிலையத்தில் புதன்கிழமைதோறும் போடுகிறார்கள். அன்னையார் நாட்காட்டியின் தாளைப் புரட்டினார். அன்று அட்டமி! போதாக்குறைக்குப் புதனன்று வடக்கே சூலம். நிலையம் இருப்பதோ வடக்கே. காலை ஏழரை முதல் ஒன்பது வரை எமகண்டம்; பத்தரை முதல் பன்னிரண்டு வரை குளிகை; பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை இராகு காலம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே. பகல் 12 மணி நேரம். அதிலே மூன்று தடைகளுக்கு நாலரை மணி நேரம் பறிபோகிறது. அதற்கு மேல் திசைக்கொரு சூலம், திங்களுக்கு நான்கு நாள் அட்டமியும் நவமியும், அவற்றோடு கரிநாள்! இத்தனை சல்லடையிலும் சலித்து மிஞ்சுகிற பொழுதில்தான் ஒரு குழந்தை உயிர் காக்கும் மருந்தைப் பெற வேண்டுமாம். நோய்க் கிருமிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது அட்டமியிலும் வரும், நவமியிலும் வரும், வடக்கிலிருந்தும் வரும்.

இந்தக் கணக்கை அன்னையாரிடம் சொன்னோமா? சொல்லவில்லை. நம் துணைவி முந்திக்கொண்டார்.

"அத்தை, வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் என்ன?"

"பால், ஆயி. பால் குடிச்சிட்டுப் புறப்படணும்."

"உங்கள் பேத்தி பாலைத் தவிர வேறு என்ன குடிக்கிறாள்? பிறந்ததிலிருந்து பரிகாரத்திலேயே இருக்கிறாளே!"

அன்னையார் சிரித்துவிட்டார். சிரித்தவர் பின்னர் மறுக்கவில்லை. ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். நாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டோம். துணைவி குடை பிடித்தார். செவிலியர் ஊசி போட்டபின் ஒன்று சொல்லியனுப்பினார்: "இன்றிரவு காய்ச்சல் அடிக்கலாம், ஓரிரு நாளில் தணியும், அஞ்ச வேண்டாம், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்." அவ்வாறே இரவில் உடம்பு சுட்டது. அன்னையார் நாட்காட்டியை ஒரு முறை பார்த்தார். நம்மை ஒரு முறை பார்த்தார். மறுநாள் மாலை சூடு தணிந்து குழந்தை சிரித்தது. வருவதையும் போவதையும் முன்கூட்டிச் சரியாகச் சொன்னவர் யார்? பஞ்சாங்கம் அன்று, செவிலியர்! அதை நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டாம் தவணைக்கு அன்னையார் நாட்காட்டியைப் புரட்டவில்லை என்பதை மட்டும் கண்டோம்.

பெரியம்மை என்று ஒரு நோய் இருந்தது. அதைத் தெய்வத்தின் விளையாட்டு என்றெண்ணி, வேப்பிலை செருகி, விழுந்து வணங்கிய தலைமுறைகள் பல. தடுப்பூசி அதை விரட்டிற்று. 1980-இல் உலகிலேயே அந்நோய் இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. இளம்பிள்ளை வாதமும் அவ்வழியே இந்நாட்டை விட்டு வெளியேறிற்று. 2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது. வீதிகளில் சூம்பிய காலோடு தவழ்ந்த சிறுவர்களை நம் மாணவர்கள் கண்டதில்லை. அவர்கள் காணாததே அறிவின் வெற்றி.

வீட்டினுள் வேலி சிறிது தளர்ந்தது. வீதியில் வேறு வேலி காத்திருந்தது.

மாலைதோறும் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைத்தெரு வரை நடப்பது நம் வழக்கமாயிற்று. தேநீர்க் கடையிலிருந்து ஒரு பெரியவர், "என்ன வாத்தியாரே, வீட்டில் ஆள் இல்லையா?" என்றார். "இருக்கிறதே ஐயா, தகப்பன் என்று ஓர் ஆள்!" என்றோம். கடையே நகைத்தது. நகைக்கட்டும். நெல் மூட்டை தூக்கினால் வீரன். கட்சிக் கொடி தூக்கினால் தொண்டன். தன் குழந்தையைத் தூக்கினால் மட்டும் ஆண்மகன் ஏளனத்துக்கு உரியவனா? ஐந்து கிலோ எடை கூட இல்லாத அந்தச் சுமையை ஒரு நாழிகை சுமந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், இருபத்துநான்கு மணி நேரமும் சுமப்பவளின் தோள் வலி. நாம் ஒரு மணி நேரம் உலவினால், துணைவிக்கு ஒரு மணி நேரத் தூக்கம். இதிலே தியாகம் ஒன்றும் இல்லை; எளிய கணக்கு.

துணைவிக்கு ஓராண்டு மகப்பேற்று விடுப்பு உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு 2016-இல் ஒன்பது திங்களாகவும், 2021-இல் பன்னிரண்டு திங்களாகவும் அது உயர்த்தப்பட்டது. நல்ல சட்டம், நாம் மகிழ்ந்தோம். ஆனால் துணி அங்காடியில் நாளெல்லாம் நின்று விற்கும் பெண்ணுக்கும், நாற்று நடும் பெண்ணுக்கும் அந்த ஓராண்டு எங்கே? அவள் இடுப்பிலும் அதே குழந்தைதான் இருக்கிறது.

இன்னொன்று பாலூட்டும் இடம். பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டத் தனியறை அமைக்கும் திட்டம் 2015-இல் இம்மாநிலத்தில் வந்தது. நாம் ஒரு முறை சென்ற நிலையத்தில் அறை இருந்தது. கதவில் பூட்டும் இருந்தது. திறவுகோல் யாரிடம் என்று அறிந்தார் மட்டும் இல்லை! பேருந்துக்குள் ஏறியபின் குழந்தை பசித்து அலறிற்று. துணைவி பாலூட்டினார். எதிர் இருக்கையில் ஓர் ஆடவர் வைத்த கண் வாங்காது பார்த்தார். நாம் வாய் திறக்குமுன் நம் அன்னையார் எழுந்தார். "என்னய்யா வேடிக்கை? உன்னையும் ஒருத்தி இப்படிக் கொடுத்துத்தான் வளர்த்தாள்!" என்றார். அம்மனிதர் சன்னல் பக்கம் திரும்பியவர் இறங்கும்வரை இப்பக்கம் திரும்பவில்லை. பெண்ணுரிமை பற்றி நாம் மேடையில் பேசிய எந்தப் பேச்சுக்கும் அத்தனை விரைவான பயன் விளைந்ததில்லை.

கண்ணேற்றுக்கு மை வைப்பதில் ஓர் உடன்பாடு கண்டோம். கண்ணுக்குள் மை தீட்டலாகாது. விற்பனைக்கு வரும் சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது, ஈயம் வளரும் மூளைக்குக் கேடு என்பதைச் செவிலியரே விளக்கினார். அன்னையார் உடனே ஏற்றார். கன்னத்துப் பொட்டைக் கைவிட மட்டும் மனமில்லை. உள்ளங்காலில் ஒரு சிறு புள்ளியோடு நிறுத்திக்கொண்டார். அதற்காக நாம் போர் தொடுக்கவில்லை. தீங்கு செய்வதோடு முதலில் போராடுவோம். சிரிப்புக்கிடமானதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் புளியமரம்? அந்திப் பொழுது? அவை பற்றிய பேச்செடுத்தாலே அன்னையாரின் முகம் இருண்டது. சிரிப்பும் பலிக்கவில்லை, விளக்கமும் பலிக்கவில்லை. காரணம் சித்திரைத் திங்களில் வெளிப்பட்டது.

குழந்தைக்கு மூன்று திங்கள் நிறைந்திருந்தபோது வயிற்றுப்போக்குக் கண்டது. ஒரே பகலில் ஏழெட்டு முறை. அன்னையார் கை நடுங்கிற்று. "பால் கொடுக்காதே ஆயி, தண்ணீர் காட்டாதே" என்று துணைவியின் கையைப் பற்றிக்கொண்டவர், அடுத்த நொடியே, "இல்லை, கொடு, கொடு" என்று கதறினார். செவிலியரை அழைத்துவந்தோம். அவர் ஒரு சிறு பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்தார். சிறு கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டச் சொன்னார்; தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்றார்; துத்தநாக மருந்தைப் பதினான்கு நாள் கொடுக்கச் சொன்னார். மறுநாள் போக்கு மட்டுப்பட்டது. குழந்தையின் கண்ணில் ஒளி வந்தது.

அன்றிரவுதான் அன்னையார் வாய் திறந்தார். நமக்கு முன்னே ஒரு குழந்தை பிறந்திருந்தது என்பதை நாம் அறிவோம். எப்படி மாண்டது என்பதை அறியோம். அதுவும் மூன்று திங்கள் குழந்தை. பாட்டனார் வீட்டிலிருந்து அந்தி வேளையில் தூக்கி வந்தாராம். வழியில் புளியமரச் சாலை. மறுநாள் வயிற்றுப்போக்கு. ஊரார் பாலை நிறுத்தச் சொன்னார்கள். நீரை நிறுத்தச் சொன்னார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூன்றாம் நாள் குழந்தை இல்லை. "அந்தி நேரத்தில் புளியமரத்தடியில் தூக்கி வந்து பிள்ளையைப் பறிகொடுத்தவள்" என்று உறவினர் சொன்ன சொல்லை, முப்பதாண்டு நெஞ்சிலே சுமந்திருக்கிறார்!

நாம் கல்லூரியில் வரலாறு கற்றோம், மருத்துவம் கற்றோமில்லை. ஆனால் வரலாறு ஒன்றைச் சொல்கிறது. 1971-இல் வங்கப் போரின்போது, எல்லையோரத்துப் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிசு என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கச் செய்து, மடிந்துகொண்டிருந்த பல்லாயிரவரைக் காத்தார். குடலிலே சர்க்கரை உப்பை உள்ளே அழைத்துச் செல்கிறது. உப்பு நீரை உள்ளே இழுத்துச் செல்கிறது. அவ்வளவுதான் மருமம். வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பேயன்று, நீரிழப்பு. நீரை நிறுத்துவது, எரியும் வீட்டில் கிணற்றை மூடுவதற்கு ஒப்பாகும். அந்த எளிய மருந்து கண்டறியப்பட்டு இருபதாண்டுகள் கடந்தபின்னும் நம் அன்னையாரின் சிற்றூருக்கு வந்து சேரவில்லை. மருந்து எட்டாத ஊருக்குப் பழி மட்டும் எட்டியிருந்தது.

இதை எப்படிச் சொல்வது? இங்கேதான், தோழர்களே, பகுத்தறிவாளனுக்குச் சோதனை. "புளியமரம் காரணமன்று, பாலும் நீரும் நிறுத்தியதே காரணம்" என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிடலாம். உண்மைதான். ஆனால் ஒரு பழியை இறக்கி இன்னொரு பழியை அல்லவா ஏற்றி வைத்தவர்களாவோம்? இரவெல்லாம் நாமும் துணைவியும் இதையே எண்ணியெண்ணிப் பேசினோம். காலையில் செவிலியர் மீண்டும் வந்தார். அவரிடம் தனியே செய்தியைச் சொன்னோம். அவர் அன்னையாரின் அருகே தரையில் அமர்ந்தார்.

"அம்மா, நீங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னது ஊர். அன்று உங்களுக்கு வேறு சொல்ல அங்கே யாரும் இல்லை. இந்தப் பொட்டலத்தை உங்கள் கையில் கொடுக்க ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் இரவெல்லாம் உட்கார்ந்து ஊட்டியிருப்பீர்கள், நேற்று ஊட்டியது போல."

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மரம் ஒண்ணும் செய்யலையா, அம்மா?" என்று கேட்டார். "மரம் நிழல் தரும், புளி தரும். வேறொன்றும் செய்யாது" என்றார் செவிலியர். அன்னையார் அழுதார். அந்த அழுகையை நாம் தடுக்கவில்லை. முப்பதாண்டு தேங்கிக் கிடந்த நீர். வடியட்டும் என்று விட்டோம்.

ஆடிப்பெருக்கு முடிந்த அடுத்த ஞாயிறு கல்லணைக்குச் செல்ல எண்ணினோம். "நானும் வர்றேன்" என்றார் அன்னையார். சத்திரம் பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்து ஏறினோம். நால்வர் ஏறினோம், சீட்டு ஒன்று! 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 முதல் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் இல்லை. நம் குடும்பத்தில் காசு கொடுத்துச் செல்ல வேண்டிய ஒரே பிறவி நாம்தாம். "கைக்காசை எண்ணிப் பார்க்காம இப்பத்தான் பேருந்தில் ஏறுறேன்" என்றார் அன்னையார். இலவசம் என்று ஏளனம் பேசும் கனவான்கள், அவ்வாறு எண்ணி எண்ணியே வீட்டில் தங்கிவிட்ட பெண்களைக் கேட்டறியட்டும்.

திருவானைக்காவைக் கடந்ததும் இருபுறமும் வாழைத் தோட்டம். குழந்தைக்கு ஏழு திங்கள். கேழ்வரகுக் கூழும் மசித்த பருப்புச் சோறும் தொடங்கியிருந்தோம். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, கொதித்தாறிய நீர், மாற்றுத் துணி ஆறு: இவையே நம் மூட்டை. மூட்டையையும் குழந்தையையும் மாற்றி மாற்றி மூவரும் சுமந்தோம். அணையின் மதகுகளில் காவிரி சீறிப் பாய்ந்தது. அந்த ஓசை கேட்டுக் குழந்தை முதலில் திகைத்தது. பின்பு கைகொட்டிக் கூவிற்று. யானைமேல் அமர்ந்த கரிகாலன் சிலையை நோக்கிக் கை நீட்டிற்று. மன்னனைக் கண்டதோ இல்லையோ, யானையைக் கண்டுகொண்டது. கல்லணையில் கல்லும் மண்ணும் சுமந்தவர்களிலும் கைக்குழந்தைக்காரிகள் இருந்திருப்பார்கள். மரக்கிளையில் தூளி கட்டிவிட்டுத்தானே சுமந்திருப்பார்கள் என்று துணைவி சொன்னார். அதை எந்தக் கல்வெட்டும் பொறிக்கவில்லை.

பூங்காப் புல்தரையில் புளிச்சோறு உண்டோம். பொழுது போனதே தெரியவில்லை. திரும்பும் பேருந்து வரத் தாமதமாயிற்று, அந்தி இறங்கிவிட்டது. நின்ற இடத்துக்கு மேலே, சாலையோரத்தில், ஒரு முதிர்ந்த புளியமரம். நாம் துணைவியைப் பார்த்தோம். துணைவி நம்மைப் பார்த்தார். குழந்தை அப்போது அன்னையாரின் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். நகர்ந்து நிற்கவில்லை. முந்தானையை எடுத்துக் குழந்தையின் தலையைப் போர்த்தினார். "பனி விழுது" என்றார். அவ்வளவே.

இளைஞர்களே! நாட்காட்டியைக் கிழித்தெறிவது ஒரு நொடி வேலை. ஆயினும் அந்த நாட்காட்டியைப் புரட்டும் கையின் நடுக்கத்துக்குக் காரணம் என்னவென்று கேளுங்கள். ஒவ்வொரு வீட்டு மூதாட்டியின் அச்சத்துக்குள்ளும், மருந்து வந்து சேராத ஒரு கதை, பழி மட்டும் வந்து சேர்ந்த ஒரு கதை புதைந்திருக்கக்கூடும். மூடநம்பிக்கை அவர்களை முட்டாள்களாக்கியது என்பது பாதி உண்மை. குற்றமற்ற அவர்களைக் குற்றவாளிகளாக்கியது என்பதே முழு உண்மை. ஆகவே அவர்களை எதிரிகளென்று எண்ணாதீர்கள். நாம் விடுவிக்க வேண்டிய கைதிகளில் முதல்வர் அவர்கள்.

அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு உப்பு சர்க்கரைப் பொட்டலம் வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி நாளை நினைவூட்டுங்கள். உங்கள் குழந்தையை நீங்களே தூக்கிக்கொண்டு தெருவில் நடங்கள். அடுத்த ஞாயிறு உங்கள் தாயையும் அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள். நேரம் பார்க்க வேண்டாம். பேருந்து நேரம் மட்டும் பார்த்தால் போதும்.